மிளகு கட்டிய இடம்

நெடுந்தீவு மத்தி
2024 யூன் 3

ஊர்காவற்றுறை, றேடியோக் கடைப் பரராசசிங்கம் அவர்களுக்கு,

ஆழ்வாப்பிள்ளை சொல்லச் சொல்ல, தபால் கந்தோர் கேதீஸ்வரி எழுதுவது.

இது சுகம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. சத்தியம் முறிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன், ஆவணி மாதம், பொழுதுபடுகிற நேரம், என் கிணற்றுக்கட்டில் கை வைத்து நான் சொன்னது இதுதான்: "இந்தக் கிணறு திரும்ப நல்ல தண்ணியாகுமட்டும் உம்மோட ஒரு சொல்லுக் கதையன்." கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாதபடியால் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. இப்போது நான் வாய் திறப்பது கேதீஸ்வரியோடு. உம்மோடு இல்லை.

விஷயம் நிசாந்தினியைப் பற்றியது. உமது தங்கச்சி கமலா செத்த பிறகு என்னோடு இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். யாழ்ப்பாண வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்தவள். கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி, யன்னலால் வெயில் விழுகிற மாதிரிப் படமாக்கி நோர்வேக்கு அனுப்புவது அவள் தொழில். ஒரு படத்துக்குக் கொம்பியூட்டர் இரண்டு நாள் இரவு பகலாக யோசிக்க வேண்டுமாம். யோசிக்க யோசிக்க அது பாண் சுடுகிற போறணை அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. காற்றாடி வைத்தால் கடற்காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே தகடெல்லாம் பச்சைக் களிம்பு. இரண்டு வருடத்தில் இரண்டு கொம்பியூட்டர் செத்துவிட்டன.

மூன்றாவது வந்திருக்கிறது. இதைக் காப்பாற்ற அவள் ஒரு வேலை பார்த்தாள். மீன் வியாபாரத்தை விட்ட இராயப்புவிடம் கரண்டில் ஓடுகிற, மூடி போட்ட பெரிய ஐஸ் பெட்டி ஒன்று கிடந்தது. அதை வாங்கி, கழுவி, கொம்பியூட்டரை உள்ளே இறக்கி மூடிவிட்டாள். உப்புக்காற்று போகாது, சூடும் ஏறாது என்று கணக்கு. ஆனால் அது மீனுக்குச் செய்த பெட்டி. கல்லாய் இறுகுமட்டும் குளிராக்கும். மூடியைத் திறந்தால் எல்லாம் வியர்த்து வடிகிறது. ஆகையால் அவளே பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, சூட்டுமானியைப் பார்த்துப் பார்த்துப் பிளக்கைச் செருகுகிறாள், கழற்றுகிறாள். சாப்பிடும்போதும் ஒரு கண் அங்கேதான்.

யூலை முடிவதற்குள் ஒரு பெரிய வேலை அனுப்ப வேண்டும். முந்தாநாள் சொன்னாள்: "அப்பா, இதுவும் பழுதாப்போனா நான் கொழும்புக்குப் போறன். நீங்களும் வாங்கோ. இல்லாட்டி இஞ்ச தனிய இருங்கோ." கொழும்பில் நான் என்ன செய்வேன்? தனியே இருந்தால் இங்கேதான் என்ன செய்வேன்?

சூடு ஏறினால் பெட்டியைத் தானே கிளப்பி, போதிய அளவு குளிர்ந்ததும் தானே நிற்பாட்டுகிற கருவி ஒன்று வேண்டும். என் கிணற்றுக்கு நீர் செய்த மாதிரி. அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உம்மைத் தவிர வேறு ஆளை எனக்குத் தெரியாது. அது என் கெட்டகாலம்.

நிசாந்தினிக்குத் தெரியாது. என் சத்தியத்துக்காக அவள் உம்மிடம் கேட்க மாட்டாள். மறுமொழியைத் தபால் கந்தோருக்குப் போடவும்.

ஆழ்வாப்பிள்ளை (பெருவிரல் அடையாளம்)


ஊர்காவற்றுறை
2024 யூன் 10

~~மச்சான்~~ ஆழ்வாப்பிள்ளை அவர்களுக்கு,

பிள்ளை கேதீஸ்வரி, 'மச்சான்' என்று எழுதி வெட்டியிருக்கிறேன். வெட்டியதையும் வாசித்துக் காட்டவும்.

செய்து தருகிறேன். உமக்காக இல்லை, மருமகளுக்காக. அவள் கெட்டிக்காரி. உப்புக்காற்றை வெளியே வைத்துப் பூட்ட வேண்டும் என்று நினைத்தது சரியான நினைப்பு. ஆனால் செத்த மீன் சூடு விடாது. வைத்தால் வைத்தபடி கிடக்கும். கொம்பியூட்டர் உள்ளே இருந்து மூச்சு விடுகிற மிருகம். பெட்டிக்கு ஓய்வே கிடைக்காமல் போகலாம். அதனால் எனக்குச் சில விபரம் வேண்டும். பெட்டியின் நீளம், அகலம், ஆழம். மோட்டாரின் சத்தம் எப்படி, ஒரே சீரா, விட்டு விட்டா. மூடியைத் திறக்கும்போது சூட்டுமானியில் எத்தனை என்றால் வியர்க்கிறது, எத்தனை என்றால் வியர்க்கவில்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். மிச்சம் பிழைத்தாலும் அது பிழைக்கக் கூடாது.

ஒரு நிபந்தனை. இந்த முறை நான் சொல்கிற இடத்தில் நான் சொல்கிறபடி கட்ட வேண்டும். கட்டிய பிறகு ஒரு நூல்கூட அசையக் கூடாது.

கிணறு இப்போது எப்படி இருக்கிறது?

பரராசசிங்கம்


நெடுந்தீவு மத்தி
2024 யூன் 14

பரராசசிங்கம் அவர்களுக்கு,

நீளம் எட்டுச் சாண், என் கைச்சாண். அகலம் மூன்றரை. ஆழம் நான்கு. மோட்டார் ஒரே சீராக இரைகிறது. நிற்கும்போது நாய் உடம்பு உதறுகிற மாதிரி ஒரு குலுக்கம். நிசாந்தினி குளிக்கப் போன நேரமெல்லாம் நான் பெட்டிக்குக் காவல் என்ற பெயரில் இருந்து பார்த்தேன். சூட்டுமானி நம்பரை வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனால் வியர்த்த தடவை எல்லாம் அதில் முன்னுக்கு நின்றது கழுத்து வளைந்த தாரா வாத்து மாதிரி எழுத்து. பின்னுக்குச் சும்மா ஒரு கோடு, அல்லது கவிழ்த்த கதிரை. வியர்க்காத தடவை, தாராவுக்குப் பின்னால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று. நான் நிலத்தில் கீறிக் காட்ட, அது இருபத்தெட்டு என்று கேதீஸ்வரி சொல்கிறாள். கதிரை இருபத்துநான்கு. கோடு இருபத்தொன்று.

நூல் அசையக் கூடாது என்று நீர் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பதின்மூன்று வயதில் பதுளைக் கடைக்குப் போனவன் நான். எழுத்துத் தெரியாமல், மூட்டை தைத்த நூலின் நிறத்தைப் பார்த்தே எது மல்லி, எது மிளகாய் என்று பதினேழு வருடம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூட்டை மாறவில்லை.

என் ஞாபகம் அப்படியே இருக்கிறது. உமது தங்கச்சியின் செத்தவீட்டுக்கு நீர் வந்த உடுப்பும் நினைவிருக்கிறது. மண்ணிறச் சேட், மூன்றாவது பொத்தான் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் படலைக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் பின்னேரப் படகுக்குப் போனீர். உம்மோடு கதைக்க மாட்டேன் என்றுதான் நான் சொன்னேன். கூடப்பிறந்தவளின் முகம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளைத் தூக்கும்போது ஒரு தோள் குறைந்தது.

கிணறு கிடக்கிறபடி கிடக்கிறது.

ஆழ்வாப்பிள்ளை (பெருவிரல்)


ஊர்காவற்றுறை
2024 யூன் 28

ஆழ்வாப்பிள்ளை அவர்களுக்கு,

படலையைப் பற்றி எழுத வேண்டாம். அது உமக்கு விளங்காத கதை.

படகோட்டி அப்புத்துரையிடம் ஒரு பிஸ்கற் தகரம் தந்துவிட்டிருக்கிறேன். கருவி அதற்குள். நீர் நிலத்தில் கீறிய இருபத்தெட்டுத்தான் இதற்கு அச்சாணி. நெடுந்தீவுக் காற்றில் எப்போதும் ஈரம். அந்த இருபத்தெட்டைவிடக் குளிராக ஒரு சாமானை வைத்துவிட்டுத் திறந்தால் அதன் மேல் தண்ணீர் பூக்கும். ஆகையால் முப்பத்துமூன்றுக்கு ஏறினால் பெட்டி கிளம்பும், இருபத்தெட்டுக்கு இறங்கினால் நிற்கும். அதற்குக் கீழே போகாது. கொம்பியூட்டருக்கு அந்தக் குளிர் போதும். நின்ற மோட்டாரை உடனே கிளப்பினால் இழுக்காது, எரிந்துபோகும். ஐந்து நிமிடம் மூச்சு விட வழி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது ஒரு 'டக்', நிற்கும்போது ஒரு 'டக்' கேட்கும். பயப்பட வேண்டாம்.

எழுத்து ஒட்டவில்லை. உமது பதுளை மூட்டைகளை நினைத்துக் கம்பளி நூல் சுற்றியிருக்கிறேன். சிவப்பு நூல் சுற்றியது சுவர்ப் பிளக்குக்கு. பச்சை நூலில் பெட்டியின் பிளக்கைச் செருக வேண்டும். மஞ்சள் நூல் சுற்றிய நீள வயரின் நுனியில் மிளகளவு கறுப்பு மணி ஒன்று தொங்கும். அதுதான் சூட்டை அறிவது. அந்த மிளகு பெட்டிக்கு நடுவில், காற்றில் தொங்க வேண்டும். கொம்பியூட்டரிலும் முட்டக் கூடாது, பெட்டிச் சுவரிலும் முட்டக் கூடாது. இரண்டுக்கும் ஒரு சாண் தள்ளி. அந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

கிணற்றைப் பற்றிக் கேட்டதற்கு நீர் சொன்னது மறுமொழி இல்லை.

பரராசசிங்கம்


நெடுந்தீவு மத்தி
2024 யூலை 8

பரராசசிங்கம் அவர்களுக்கு,

உமது கை பட்டது என்றைக்கு உருப்பட்டது?

தகரம் வந்தது. யாழ்ப்பாணக் கடையில் வாங்குவித்தேன் என்று நிசாந்தினிக்குச் சொன்னேன். அவள் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடையில மஞ்சள் நூல் சுத்திக் குடுக்கினமோ அப்பா?" என்றாள். "இப்ப புதுசா அப்பிடித்தானாம்" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கண்டு கனகாலம். சிவப்பும் பச்சையும் செருகினேன். மிளகை நானே நல்ல இடமாகப் பார்த்துக் கட்டினேன். மூடினோம். 'டக்' என்றது. கதிரையைத் தூக்கிக் குசினிக்குள் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சோறு தின்றோம்.

அதற்குப் பிறகு அடுத்த 'டக்' வரவே இல்லை. ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் மத்தியானம். பெட்டி நிற்காமல் இரைந்தது. புதுக் கருவி, நல்லாக வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். மத்தியானம் அவள் ஏதோ வயர் மாற்ற மூடியைத் திறந்தாள். சுவரெல்லாம் விரல் தடிப்பில் வெள்ளை ஐஸ். திறந்த கையோடு வெளிக்காற்று உள்ளே இறங்கியது. கொம்பியூட்டரின் தகடெல்லாம் மழையில் நனைந்த மாதிரிப் பூத்து, சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவள் கத்திக்கொண்டு ஓடிப்போய் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினாள். இப்போது அதன் உறுப்பெல்லாம் சாக்கு அரிசிக்குள் புதைந்து கிடக்கிறது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று காய்ந்த பிறகுதான் தெரியுமாம்.

அழவில்லை. அழுதால் நல்லது. கொழும்பில் இருக்கிற சிநேகிதிக்குப் போன் எடுத்து அறை பார்க்கச் சொன்னாள்.

முதலில் என் கிணறு. இப்போது என் பிள்ளையின் பிழைப்பு. உம்மிடம் கேட்டது என் பிழை.

ஆழ்வாப்பிள்ளை (பெருவிரல்)


ஊர்காவற்றுறை
2024 யூலை 12

மச்சான்,

இந்த முறை வெட்டவில்லை.

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்தக் கருவியை அனுப்ப முன்னர் என் கடை மேசையில், மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு, ஐஸ் கட்டி வைத்து, ஒன்பது நாள் சோதித்தேன். முப்பத்துமூன்றில் கிளம்பியது, இருபத்தெட்டில் நின்றது. ஒரு தடவையும் பிந்தவில்லை. கிணற்றில் பட்ட பழி போதும் என்று ஒன்பது நாள்.

கருவிக்கு மூளை இல்லை மச்சான். மிளகு எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சூடுதான் அதற்கு உலகம். வேறு ஒன்றும் அதற்குத் தெரியாது. நிற்காமல் ஓடியது என்றால் மிளகு சூடான இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆகையால் கேட்கிறேன். மிளகை நான் சொன்ன இடத்தில் கட்டினீரா?

இதே கேள்வியை ஆறு வருடத்துக்கு முன் உமது கிணற்றடியில் நின்று கேட்டேன். கமலா நாரி உளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் அள்ளுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பூட்டித் தந்த மோட்டார் அது. கிணற்று மட்டம் இறங்கினால் மிதவையும் கூட இறங்கி மோட்டாரை நிற்பாட்ட வேண்டும். அன்றைக்கு நிற்பாட்டவில்லை. பகல் முழுக்க இறைத்து, அடியில் இருந்த உவர் மேலே வந்துவிட்டது. "மச்சான், மிதவையில ஆரும் கை வைச்சதோ?" என்று கேட்டேன். "ஒருத்தரும் தொடேல்லை. உம்மட மிசின்தான் பிழை" என்றீர். உமக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்காதீர்.

வழக்குப் பேச இதை எழுதவில்லை. பிள்ளை போகப்போகிறாள். மிளகு எங்கே இருந்தது என்று நீர் சொன்னால் அதைத் திருத்த ஒரு நிமிடம். சொல்லாவிட்டால் திருத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

பரராசசிங்கம்


நெடுந்தீவு மத்தி
2024 யூலை 17

மச்சான்,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர். இது கேதீஸ்வரியின் கை இல்லை. உமது மருமகளின் கை.

உமது கடிதத்தைக் கேதீஸ்வரி தபால் கந்தோரில் வாசித்து முடித்தாள். "மறுமொழி எழுதுவமோ?" என்று அவள் பேனையை எடுத்தாள். வேண்டாம் என்று எழும்பி வீட்டுக்கு வந்தேன். நிசாந்தினி பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, கொழும்புக்கு எதைக் கொண்டுபோவது என்று சாமான் பிரித்துக்கொண்டிருந்தாள். "கொப்பி எடு பிள்ளை, மாமாவுக்கு ஒரு கடிதம் எழுத வேணும்" என்றேன். "இப்பதான் சொல்ல மனம் வந்ததோ? அந்தத் தகரம் வந்த அண்டே மாமான்ர வேலை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

முதலில் மிளகு. நீர் சொன்ன இடத்தில் நான் கட்டவில்லை. கொம்பியூட்டரின் பின்பக்கம் சூட்டுக்காற்று ஊதித் தள்ளுகிற வாய் ஒன்று இருக்கிறது. அந்த வாயில் கட்டினேன். கள்ளன் வருகிற வாசலில்தானே நாயைக் கட்ட வேண்டும், நடு முற்றத்தில் கட்டி என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். கொம்பியூட்டர் யோசிக்கிறவரைக்கும் அந்த வாய் சூடுதான். ஆகையால் பெட்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பிழை என்னுடையது.

இதைச் சொன்னதும் அவள் பேனையை வைத்துவிட்டு எழும்பினாள். அரிசிக்குள் கிடந்த உறுப்பெல்லாவற்றையும் எடுத்து, தட்டி, ஊதி, ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பொத்தானை அமர்த்தினாள். ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் அமர்த்தினாள். காற்றாடி சுற்றியது, பச்சை வெளிச்சம் வந்தது. "ஓடுது அப்பா!" என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினாள். பிறகு மிளகை நடுவில், இரண்டு பக்கமும் என் கையால் ஒரு சாண் அளக்கவைத்துத் தொங்கவிட்டாள். அது நாலு நாளுக்கு முன்னம். இதுவரைக்கும் டக் என்று ஓடுகிறது, டக் என்று நிற்கிறது. திறந்து பார்த்தால் உலர்ந்து கிடக்கிறது. கொழும்புச் சிநேகிதிக்குப் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது மற்றது. இதைச் சொல்ல மனம் வருவதற்குத்தான் எனக்கு அந்த நாலு நாளும் தேவைப்பட்டது.

மிதவையைத் தொட்டது நான்.

அந்த ஆவணியில் காய்ச்சல் வெயில். உமது மோட்டார் அரை மணித்தியாலம் இறைக்கும், மிதவை இறங்கும், நிற்கும். தொட்டி நிரம்பாது. ஐந்து மாடும் மதிலடியில் நின்று நாக்கை நீட்டிக்கொண்டு கத்தின. அன்றைக்கு மேற்கில் ஒரு செத்தவீடு. நானும் கமலாவும் போக வெளிக்கிட்டோம். அவள் முன்னுக்கு நடக்க, நான் திரும்பி வந்து மிதவையைத் தும்புக் கயிற்றால் கப்பி மரத்தோடு தூக்கிக் கட்டினேன். மிதவை இறங்காவிட்டால் மோட்டார் நிற்காதுதானே. ஒரு மணித்தியாலத்தில் வந்து அவிழ்க்கலாம் என்று நினைத்தேன். செத்தவரின் மகன் பின்னேரப் படகில் வருகிறான் என்று பிரேதம் எடுக்கச் சுணங்கிவிட்டது. பாதியில் எழும்பி வர எனக்கு முகம் இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது நீர் எனக்கு முதலே படகால் இறங்கி வந்து, மோட்டாரை நிற்பாட்டிவிட்டுக் கிணற்றடியில் நின்றீர். தண்ணீரை வாயில் வைத்தேன், கடல். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்பது உவருக்கு மேல் படிந்த பாலாடை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே கட்டினேன். கப்பி மரத்தைப் பார்த்தேன். கயிறு இல்லை. அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன். அந்த நேரம்தான் நீர் கேள்வி கேட்டீர். வாயில் பொய் வந்தது. பொய்யை மூடச் சத்தியம் வந்தது. சத்தியம் நல்ல பெரிய மூடி.

இன்னும் ஒன்று. கிணறு எப்படி என்று இரண்டு தரம் கேட்டீர். முந்தின வருட மாரிக்குப் பிறகு ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்று கிணற்று வாளிக்குள் வாய் வைத்தது, முகம் திருப்பவில்லை. மாடு உவரைக் குடிக்காது. நான் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர், மச்சான். ஒன்றரை வருடமாக நல்ல தண்ணீர். சத்தியத்தின் தவணை முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னால் உம்மோடு கதைக்க வேண்டும், கதைத்தால் இதைச் சொல்ல வேண்டும். ஆகையால் கிணற்றைத் தென்னங்கிடுகால் மூடிவிட்டு, விடியக்காலமை நான் மட்டும் ஒரு செம்பு குடித்தேன்.

(மாமா, இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன். ஒன்றரை வருடமாகப் பவுசர் லொறித் தண்ணீருக்கு வரிசையில் நின்று சுமந்தவள் நான். நாளைக்கு வடிவாகக் கதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். — நிசாந்தினி)

இனி உமது விருப்பம். கதைத்தாலும் சரி, கதைக்காவிட்டாலும் சரி.

ஆழ்வாப்பிள்ளை (பெருவிரல். மகள் கையைப் பிடித்து வைத்தது)


ஊர்காவற்றுறை
2024 யூலை 21

மச்சான்,

இந்தக் கடிதத்தோடு வருகிற கயிற்றைப் பாரும். அது கிணற்றுக்குள் விழவில்லை.

அன்றைக்கு உமக்கு முதலே வந்தவன் அதைக் கண்டேன். அறுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். முடிச்சைத்தான் பார்த்தேன். இரண்டு கண் போட்டு, நுனியை உள்ளே மடித்த முடிச்சு. கமலா கன்று கட்டுகிற முடிச்சு. எங்கள் அம்மா அவளுக்குப் பழக்கியது. உலகத்தில் வேறு ஒருவரும் அப்படிக் கட்டி நான் கண்டதில்லை. கயிற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உம்மிடம் கேள்வி கேட்டேன். நீர் இல்லை என்றீர். அந்த நேரம் நிசாந்தினி யாழ்ப்பாணத்தில். வீட்டில் மிச்சம் யார்? என் தங்கச்சிதான் கட்டியிருக்கிறாள், உமக்குப் பயந்து சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பழி என் தலையில் இருக்கட்டும் என்று பேசாமல் படகேறினேன்.

அதைப் பெரிய மனது என்று நினைக்காதீர். வாயால் பழியை ஏற்றுவிட்டு, மனதுக்குள் அவளைத் திட்டினேன். மாதம் ஒரு தரம் அவள் படகேறிக் கடைக்கு வருவாள். "அவர் கதைக்காட்டி என்ன அண்ணை, நான் வருவன்தானே" என்று கறிச்சட்டியை மேசையில் வைப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே, 'இப்பவாவது ஒரு சொல்லு உண்மையைச் சொல்லன் பிள்ளை' என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். மூன்று வருடம் பார்த்தேன். அவள் சொல்லவே இல்லை. சொல்லாமலே செத்துப்போனாள். உமது படலைக்கு வெளியே நான் நின்றது உமது சத்தியத்துக்காக இல்லை, மச்சான். அவள் மேல் இருந்த கோபத்தில் நின்றேன். பிணத்தோடு கோபித்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன்.

நேற்று உமது கடிதம் வந்தது. வாசித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். சொல்லுவதற்கு அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அவள் சும்மா அண்ணனுக்குக் கறி கொண்டுவந்திருக்கிறாள்.

உம்மேல் கோபப்பட வேண்டும் என்று இரவு முழுக்க முயன்று பார்த்தேன். ஏலாமல் இருக்கிறது. நெஞ்சில் இருந்த கல்லைப் புரட்டியவனோடு எப்படிக் கோபிப்பது? விடியத் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவளுடைய மீன் தீயலின் வாசம் மூக்கில் வந்தது. ஆறு வருடத்தில் முதல் தரம் அது புளிக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். அந்த முடிச்சை உமக்கு ஆர் பழக்கினது?

வருகிற வெள்ளிக்கிழமை காலைப் படகில் வருகிறேன். கயிற்றைத் துறைக்குக் கொண்டுவாரும்.

மச்சான் பரராசசிங்கம்


நெடுந்தீவு மத்தி
2024 ஓகஸ்ட் 5

மச்சான்,

திரும்பவும் கேதீஸ்வரி எழுதுவது. தபால் கந்தோரில் இல்லை, என் வீட்டில் இருந்து. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோக இரண்டு போத்தலோடு வந்தவளை மறித்து வைத்திருக்கிறேன்.

இனிப் போனில் கதைக்கலாமே என்று நிசாந்தினி கேட்கிறாள். போனில் நீர் நடுவில் பாய்வீர். கடிதத்தில் நான் சொல்லி முடிக்குமட்டும் உமக்கு வாய் இல்லை.

உமது மூக்குக்கண்ணாடி கிணற்றுக்கட்டில் கிடக்கிறது. மூன்று செம்பு தண்ணீர் குடித்த கையோடு மறந்தது. அப்புத்துரையிடம் தந்துவிடுகிறேன்.

ஆறு வருடமாக உமக்குச் சொல்ல எத்தனையோ பேச்சு நான் அடுக்கி வைத்திருந்தேன். துறையில் நீர் இறங்கியதும் என் வாயில் வந்தது, "என்ன, படகு பிந்திட்டுதோ?" நீரும், "ஓம், கடல் கொஞ்சம் தூக்கல்" என்றீர். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற நிசாந்தினி, "இதுக்கோ ஆறு வருசம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதை இப்போது துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நோர்வேக்காரருக்கு வேலை முப்பதாம் திகதியே போய்விட்டது. நல்லாயிருக்கிறது, இன்னும் இரண்டு வீடு அனுப்புகிறோம் என்று எழுதினார்களாம். கொழும்பு அறை வேண்டாம் என்று சிநேகிதிக்குச் சொல்லிவிட்டாள். பிரித்து வைத்த சாமானை நேற்று அலுமாரிக்குள் திருப்பி அடுக்கினாள். பவுசர் வந்தால் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. என்னோடு வடிவாகக் கதைக்கிறேன் என்றவள், கதைத்தாள். இரண்டு நாள் கதைத்தாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. தண்டனையாக விடியக்காலமை அவளுக்கு நான் ஒரு வாளி அள்ளி வைக்க வேண்டும். மோட்டார் இல்லாமல், கையால்.

நீர் கேட்டதற்கு அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சொல்ல வரவில்லை. கலியாணம் முடித்த முதல் மாதம், பதுளையில் இருந்து வந்த கடைக்காரனுக்குக் கன்று கட்டத் தெரியவில்லை. கட்டின கன்றெல்லாம் அவிழ்த்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள் போய்விடும். ஒரு நாள் கமலா சிரித்துவிட்டு, என் கைக்கு மேல் தன் கையை வைத்து, "இஞ்ச பாருங்கோ, ரெண்டு கண், பிறகு நுனி உள்ளுக்கு" என்று காட்டித் தந்தாள். எனக்கு எழுத்து வராது. ஆனால் அவள் கை எழுதினது அப்படியே கையில் இருந்துவிட்டது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீர், மச்சான். வாசித்தீர். எழுதின கைதான் உமக்குப் பிழைத்துவிட்டது.

அந்தக் கயிற்றால் இப்போது வாளியைக் கட்டியிருக்கிறேன். அவளுடைய முடிச்சுத்தான். நல்லாகப் பிடிக்கிறது.

ஆவணிப் பூசைக்கு வாரும். வரும்போது தங்குகிற மாதிரி வாரும். படலை திறந்து கிடக்கும்.

உள்ளே பெட்டி 'டக்' என்றது. குளிர்ந்துவிட்டது, நின்றுவிட்டது. நாங்களும் நிற்பாட்டுவோம், பிள்ளை. மையைக் கொண்டா.

(பெருவிரல்)